கதிர் பட்டது அன்றே, புண் வருவது மூன்றாவது வாரம்: ஏன்?

கேள்வி: டாக்டர், நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். என் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி, வெளியே ஓர் ஆய்வகத்தில் முறையாக அனுமதி வாங்கி, சுண்டெலிகளுக்கு 6 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) காமா கதிர் கொடுத்து, 24 மணி நேரம் கழித்துச் சிறுகுடலை எடுத்து டைபீனைலமீன் முறையில் டிஎன்ஏ அளந்தாள். ஒரு கிராம் திசுவில் இருக்கும் டிஎன்ஏ குறைந்திருந்தது. 'கதிர்வீச்சு டிஎன்ஏ உருவாக்கத்தை நிறுத்துகிறது, அதனால் செல் சாகிறது' என்று முடிவு எழுதியிருக்கிறாள். சரிதானே? நான் இதைக் கேட்க வீட்டுக் காரணமும் இருக்கிறது. என் அம்மாவுக்குக் கன்னத்தில் புற்று. ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்கிறார்கள், 30 சிட்டிங்கில் 14 முடிந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தார்கள், இப்போது வாயெல்லாம் புண். டிஎன்ஏ உருவாக்கம் உடனே நின்றுவிடும் என்றால் புண் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? துளசிச் சாறு கொடுத்துக் காப்பாற்றலாமா? என் 3 வயது மகள் ஆச்சி மடியை விட்டு இறங்கமாட்டாள், அவளைப் பக்கத்தில் விடலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் மாணவியின் முடிவுக்கும் அம்மாவின் வாய்ப்புண்ணுக்கும் நடுவில் நீங்கள் கண்டுபிடித்த அந்த முரண்பாடு இருக்கிறதே, அது நிஜமான முரண்பாடு. 'உடனே நிற்கிறது, அதனால் சாகிறது' என்பது சரியென்றால் மூன்றாவது வாரப் புண்ணுக்கு விளக்கமே கிடையாது. தப்பு 'அதனால்' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. நான் இருபது வருஷமாகக் கதிரியக்க உயிரியல் சொல்லித்தருகிறேன், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு மாணவர் இதே வாக்கியத்தை எழுதிக்கொண்டு வருவார், பாடப்புத்தகங்களும் அப்படி நினைக்கும்படிதான் எழுதியிருக்கின்றன.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜார்ஜ் டி ஹெவசி என்ற ஹங்கேரிய வேதியியலாளர் 1930களில் கோபன்ஹேகனில் இருந்தபோது, கதிரியக்கப் பாஸ்பரஸை எலிக்குக் கொடுத்து அது உடம்பில் எங்கே போகிறது என்று தேடிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். டிஎன்ஏவின் முதுகெலும்பில் பாஸ்பரஸ் இருப்பதால், புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் பாஸ்பரஸ்-32 போய் உட்காரும், பழைய டிஎன்ஏவில் உட்காராது. அப்புறம் 1940களின் தொடக்கத்தில் அவரும் ஸ்வீடனின் ஹான்ஸ் வான் ஆய்லரும் சேர்ந்து எலியில் வளரும் ஜென்சன் சார்க்கோமா என்ற கட்டிக்கு எக்ஸ் கதிர் கொடுத்துவிட்டு இதையே அளந்தார்கள். இரண்டொரு மணி நேரத்துக்குள்ளேயே புதிய டிஎன்ஏ உருவாவது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஒரே எலியில் இரண்டு கட்டிகளை வளர்த்து ஒன்றுக்கு மட்டும் கதிர் கொடுத்தபோது, கதிர் படாத கட்டியிலும் கொஞ்சம் குறைந்தது! அதாவது நீங்கள் அளப்பது செல்லின் கதையாக மட்டும் இருப்பதில்லை, முழு விலங்கின் கதையும் அதில் கலந்துவிடுகிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாணவியின் எலிகளுக்கு வரும்போது தேவைப்படும்.

பாதிதான் குறைந்தது, பூஜ்யமாகவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு எப்போதுமே இந்தப் 'பாதி'தான் முக்கியமாகப் படும். ஒரு பாலூட்டிச் செல் தன் டிஎன்ஏவை ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை நகலெடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் தொடங்குகிறது, அதுவும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்காமல் முறைவைத்துத் தொடங்குகிறது, முழு வேலையும் முடிய 6 முதல் 8 மணி நேரம் ஆகிறது. கதிர் பட்டதும் என்ன நடக்கிறது என்றால், இன்னும் தொடங்காத இடங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் தொடர்ந்து ஓடுகின்றன. உங்கள் ஊர்ப் பக்கம் நடவு நடக்கும்போது திடீரென்று இடி மழை பிடித்தால், கையில் பிரித்த நாற்று முடியை நட்டு முடித்துவிட்டு அடுத்த முடியை எடுக்காமல் வரப்பில் ஏறி நிற்பார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. நடவு குறைந்துவிட்டது என்பது உண்மை, ஆனால் பயிர் செத்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம்.

நிறுத்துவது யார்? செல்லேதான். 1 கிரே கதிர் ஒரு செல்லில் சுமார் ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும், 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். ஒற்றை இழை முறிவைச் செல் சுலபமாகச் சரிசெய்துவிடும், எதிர் இழை அச்சாக இருப்பதால். இரட்டை இழையும் அறுந்தால்தான் ஆபத்து. அப்படி அறுந்த இடத்தை உணர்ந்து ஏடிஎம் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது செக்2 என்ற புரதத்தைத் தூண்ட, செக்2 போய் சிடிசி25ஏ என்ற புரதத்தை அழிவுக்கு அனுப்ப, அது இல்லாமல் புதிய இடங்களில் நகலெடுப்பு தொடங்க முடியாது. இந்தச் சங்கிலியை 2001இல் விளக்கியவர்கள் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள். ஹெவசி பாஸ்பரஸை வைத்து எலிகளைப் பார்க்கத் தொடங்கிய அதே ஊர்.

சரி, இது பிரேக் என்றால், பிரேக் இல்லாத செல்லுக்கு என்ன ஆகும்? இதற்கு இயற்கையே ஒரு கொடுமையான சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. அட்டாக்சியா டெலான்ஜியெக்டேசியா என்று ஒரு பரம்பரை நோய். குழந்தை நடை தள்ளாடும், கண் வெள்ளையில் சிவப்பாக ரத்தக் குழாய்கள் தெரியும், புற்று வரும் வாய்ப்பும் மிக அதிகம். இந்தக் குழந்தைகளுக்கு ஏடிஎம் வேலை செய்வதில்லை (மரபணுவை 1995இல் டெல் அவிவில் யோசெஃப் ஷிலோவின் குழு அடையாளம் கண்டது). 1980இல் ராபர்ட் பெயின்டரும் பார்பரா யங்கும் இவர்களுடைய செல்களுக்குக் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். டிஎன்ஏ உருவாக்கம் சாதாரணச் செல்லில் குறைகிற அளவுக்குக் குறையவே இல்லை, அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதே செல்கள் கதிருக்குச் சாதாரணச் செல்களைவிடப் பல மடங்கு எளிதாகச் செத்தன. இந்தக் குழந்தைகளில் சிலருக்குப் புற்றுக்காக வழக்கமான அளவு கதிர் சிகிச்சை கொடுத்தபோது உடம்பு தாங்காமல் போயிருக்கிறது. ஏடிஎம் பிரேக் போடுவதோடு பழுது பார்க்கும் வேலையிலும் நேரடியாக இருப்பதால், 'பிரேக் இல்லாததால் மட்டுமே செத்தது' என்றும் சொல்லக்கூடாது. ஆனால் உங்கள் மாணவியின் வாக்கியத்தை எடைபோட இது போதும். உருவாக்கம் நிற்பதுதான் சாவுக்குக் காரணம் என்றால், நிற்காத செல் பிழைத்திருக்க வேண்டும். பிழைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், மாணவர்கள் இதைக் கேட்டால் முதலில் நம்பமாட்டார்கள். டிஎன்ஏ உருவாக்கத்தின் பிற்பகுதியில் இருக்கும் செல்தான் கதிரை அதிகம் தாங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் டெரசிமா, டோல்மாக் இருவரும் செல்களை ஒரே கட்டத்தில் வரிசையாக நிறுத்திக் கதிர் கொடுத்துக் காட்டினார்கள். பிரியும் நேரத்தில் இருக்கும் செல் லேசில் சாகிறது, டிஎன்ஏ நகலெடுக்கும் எஸ் கட்டத்தின் கடைசியில் இருக்கும் செல் தாக்குப்பிடிக்கிறது. நகல் எடுத்து முடித்த பகுதிக்குப் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு பிரதி இருக்கிறதல்லவா, அறுந்த இடத்தை அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முடிகிறது.

(எஸ் கட்டம் என்ற பெயரே இந்தத் துறை தந்தது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் கதிர்வீச்சு செல்லை என்ன செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அவரை இனத்துச் செடி ஒன்றின் வேர் நுனியில் பாஸ்பரஸ்-32 வைத்து 1950களின் தொடக்கத்தில் ஜி1, எஸ், ஜி2, பிரிவு என்று செல்லின் வாழ்க்கையைப் பகுத்தார்கள் (ஜி1, ஜி2 இரண்டும் எஸ் கட்டத்துக்கு முன்னும் பின்னும் வரும் இடைவெளிகள்). நாம் வகுப்பில் கரும்பலகையில் போடும் அந்த வட்டப்படம் அங்கிருந்து வந்ததுதான்.)

அப்படியானால் செல் எப்போது சாகிறது? பெரும்பாலும் பிரியும்போது. பிரேக் சில மணி நேரத்தில் விடுபட்டுவிடும். அதற்குள் சரியாகாத முறிவும், தப்பாக ஒட்டிக்கொண்ட முறிவும் குரோமோசோமில் அப்படியே இருக்கும், இரண்டு மையம் உள்ள குரோமோசோம், மையமே இல்லாத துண்டு என்று (மையம் என்பது பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்). செல் பிரியப் போகும்போது இவை இழுபட்டு அறுந்து, முக்கியமான மரபணுக்கள் தொலைந்து, ஒரு தலைமுறையிலோ இரண்டு மூன்று தலைமுறையிலோ அந்தச் செல்லின் வம்சம் முடிகிறது. பிரியாத செல் பழுதைச் சுமந்துகொண்டே வருஷக்கணக்கில் வேலை பார்க்கலாம். கல்லீரலைப் பாருங்கள், அதில் செல்கள் எப்போதாவதுதான் பிரியும். அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஹோவர்ட் கர்ட்டிஸ் சுண்டெலிகளுக்குக் கதிர் கொடுத்துவிட்டுச் சும்மா விட்டார், ஈரலுக்கு எதுவும் ஆனதாகத் தெரியாது. மாதங்கள் கழித்துக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஈரலைப் புண்படுத்தி, செல்கள் பிரிந்தே ஆகவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தபோது, உடைந்த குரோமோசோம்கள் வெளியே வந்தன. அவ்வளவு நாளும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

விதிவிலக்கும் உண்டு, சொல்லாமல் விட்டால் உங்கள் மாணவி வைவாவில் மாட்டிக்கொள்வாள். தைமஸ் சுரப்பியில் உள்ள லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை பிரிந்துகொண்டிருப்பவை அல்ல, ஆனாலும் கதிர் பட்டுச் சில மணி நேரத்தில் கொத்துக் கொத்தாகச் சாகும். அது பி53 என்ற புரதம் போடும் தற்கொலை உத்தரவு. பி53 இல்லாத சுண்டெலியில் அவை சாவதில்லை என்று 1993இல் காட்டிவிட்டார்கள்.

இப்போது அம்மாவின் வாய். வாயின் உள்தோலில் அடியில் ஒரு வரிசைச் செல்கள்தான் பிரியும், பிறந்த செல் மெதுவாக மேலே வந்து, தடித்து, உதிரும். இது முழுதாகப் புதுப்பிக்கப்பட மனிதருக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். சிட்டிங் தொடங்கியதும் அடி வரிசையில் உற்பத்தி குறைகிறது. மேலே இருக்கும் செல்கள் பிரிவதில்லை, அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை தம் காலம் முடிந்து வழக்கம்போல உதிர்கின்றன. உதிர்வது நிற்காமல் வரவு மட்டும் குறைந்தால் தோல் நாளுக்கு நாள் மெலிந்து, மூன்றாவது வாரம் கிழிந்து புண்ணாகிறது. புண் வரும் தேதியை முடிவு செய்வது கதிர் பட்ட நேரம் மட்டும் இல்லை, அந்தத் திசு எத்தனை நாளில் தன்னைப் புதுப்பிக்கிறது என்பதும்தான். சுண்டெலியின் குடல் 3 முதல் 5 நாளில் மாறிவிடும், அதனால் அங்கே எல்லாம் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். ரத்தத்திலும் இப்படித்தான், எலும்பு மஜ்ஜைக்குக் கதிர் பட்டால் குறைந்த ஆயுள் கொண்ட வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் முதலில் குறையும், 120 நாள் வாழும் சிவப்பணு கடைசியில்தான் குறையும்.

ஆகவே புண் வந்தது சிகிச்சை தப்பாகிவிட்டதன் அடையாளம் இல்லை. தயவுசெய்து புண்ணைப் பார்த்துப் பயந்து சிட்டிங்கை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எஞ்சியிருக்கும் புற்றுச் செல்களும் இழப்பைக் கண்டு வேகமாகப் பெருகத் தொடங்கும், தலை கழுத்துப் புற்றில் சுமார் நான்காவது வாரத்துக்குப் பிறகு இது நன்றாகவே தெரியும், இடையில் விடும் ஒவ்வொரு நாளும் அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம். டாக்டர் நிறுத்தச் சொன்னால் அது வேறு விஷயம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம். காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்க எதுவும் வேண்டாம், குழைந்த தயிர் சோறு, ஆறிய கஞ்சி, முட்டை என்று எது இறங்குகிறதோ அது, ஆனால் எடை குறையக் கூடாது. வெற்றிலை புகையிலைப் பழக்கம் இருந்தால் அறவே கூடாது. தண்ணீர்கூட இறங்கவில்லை, காய்ச்சல் வருகிறது, வாயில் வெள்ளையாகப் படர்கிறது என்றால் அடுத்த சிட்டிங் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், வலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, அம்மா பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் புண் ஆறும், தப்பிய அடிச்செல்கள் வேகம் எடுத்து அந்த இடத்தை மூடிவிடும்.

துளசியைப் பற்றி. இது வெறும் வீட்டு நம்பிக்கை என்று நான் ஒதுக்கமாட்டேன். மணிப்பாலில் உமா தேவியின் குழு துளசியிலிருந்து பிரித்த ஓரியன்டின், விசெனின் என்ற பொருள்களைச் சுண்டெலிகளுக்குக் கதிருக்கு முன்னால் கொடுத்து, பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டியிருக்கிறது. எக்ஸ் கதிர் செய்யும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, செல்லில் உள்ள தண்ணீர் உடைந்து உண்டாகும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதோடும் சட்டென்று வினைபுரியும் துண்டால் வருகிறது. அதைத் தணிக்கும் பொருள் டிஎன்ஏவைக் காக்கும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உடம்பு முழுக்கக் கதிர் வாங்கிய ஆரோக்கியமான சுண்டெலி வேறு, புற்றைக் கொல்லவே கதிர் வாங்கும் உங்கள் அம்மா வேறு. காக்கும் பொருள் புற்றுச் செல்லையும் சேர்த்துக் காத்துவிட்டால் என்ன செய்வது? சாறாகவோ கஷாயமாகவோ மாத்திரையாகவோ செறிவாக எதுவும் இந்த ஆறு வாரத்துக்கு டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கோயில் தீர்த்தத்தில் இரண்டு துளசி இலை இருந்தால் அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

மாணவியின் ஆய்வுக்கு வருகிறேன். டைபீனைலமீன் முறையில் நீல நிறம் காட்டுவது திசுவில் மொத்தம் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்பதை. இப்போது எவ்வளவு உருவாகிறது என்பதை அது காட்டாது, காட்டவும் முடியாது. 24 மணி நேரத்தில் குடலில் செல்கள் செத்து உதிர்ந்திருக்கும், நீர் கோத்து வீங்கியும் இருக்கலாம், இரண்டுமே ஒரு கிராமுக்கான டிஎன்ஏவைக் குறைக்கும், உருவாக்க வேகம் என்னவாக இருந்தாலும் சரி. உருவாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் டிரிடியம் ஏற்றிய தைமிடினோ, புரோமோடிஆக்சியூரிடினோ, இப்போதைய எடியூவோ, இப்படிப் புதிய டிஎன்ஏவில் போய் உட்காரும் அடையாளப் பொருள் ஒன்றைக் கொடுத்து, அது எத்தனை செல்லில் ஏறியிருக்கிறது என்று எண்ண வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு, சாகும் செல்கள் தம் தைமிடினை வெளியே விடுவதால் நீங்கள் கொடுத்த தைமிடின் அதில் நீர்த்துப்போய், உருவாக்கம் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததுபோலத் தெரியும். அதனால்தான் திசுவை அரைத்து மொத்தக் கதிரியக்கத்தை எண்ணுவதைவிட ஸ்லைடில் செல் செல்லாகப் பார்ப்பதை நான் நம்புகிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் நேரம். ஒரு மணி நேரத்தில் அளந்தால் பிரேக்கைப் பார்ப்பீர்கள். 24 மணி நேரத்தில் அளந்தால் சாவையும் பிரேக்கையும் மீட்சியின் தொடக்கத்தையும் பிரிக்க முடியாத கலவையாகப் பார்ப்பீர்கள். மூன்றரை நாளில் அளந்தால், தப்பிய கிரிப்டுகள் (குடல் சுவரில் புதுச் செல்கள் பிறக்கும் சிறு குழிகள்) பழைய வேகத்தையும் தாண்டி டிஎன்ஏவை உருவாக்கிக்கொண்டிருக்கும்! விதர்ஸும் எல்கைண்டும் 1970இல் சுண்டெலிக் குடலில் எத்தனை கிரிப்ட் தப்பியது என்று எண்ணும் முறையைத் தந்தது ஏறக்குறைய அந்த நேரத்தை வைத்துத்தான். ஒரே அளவு கதிர், ஒரே திசு, மூன்று நேரத்துக்கு மூன்று பதில். எப்போது அளந்தேன் என்று சொல்லாமல் 'கதிர் டிஎன்ஏ உருவாக்கத்தைக் குறைக்கிறது' என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

ஹெவசியின் கதிர் படாத கட்டியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. கதிர் வாங்கிய எலி சரியாகச் சாப்பிடாது, பட்டினி கிடந்தாலே குடலில் செல் பிரிவு குறையும். ஆகவே ஒப்பீட்டு எலிகளுக்கும் கதிர் வாங்கியவை தின்ற அளவே தீனி வைக்க வேண்டும். அப்புறம் செல் பிரிவு பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி இருக்கும், ஒரு குழுவைக் காலையிலும் இன்னொரு குழுவை மாலையிலும் எடுத்திருந்தால் அதுவே ஒரு வித்தியாசத்தைக் காட்டிவிடும். மாணவியின் நோட்டில் எந்த மணிக்கு எடுத்தாள் என்று குறித்திருக்கிறாளா பாருங்கள்.

புது எலிகளைக் கொல்ல வேண்டாம். குடலின் ஒரு துண்டை மெழுகில் பதித்துப் பாரஃபின் பிளாக்காக வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். இருந்தால் அதிலேயே கிரிப்டுக்கு எத்தனை செல் செத்திருக்கிறது, எத்தனை பிரிந்துகொண்டிருக்கிறது என்று எண்ணலாம், கேஐ-67 சாயம் போட்டு எத்தனை செல் சுழற்சியில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். பிளாக் இல்லையென்றால் முடிவை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: '6 கிரே காமா கதிருக்கு 24 மணி நேரத்துக்குப் பின் சிறுகுடலில் கிராமுக்கான மொத்த டிஎன்ஏ குறைந்தது.' அவ்வளவுதான் அவள் கண்டது. அதை நேர்மையாக எழுதி, மேலே சொன்ன காரணங்களை விவாதப் பகுதியில் வைத்தால், நான் தேர்வாளராக இருந்தால் முதலில் எழுதிய முடிவைவிட இதற்கே அதிக மதிப்பெண் போடுவேன்.

கடைசியாக உங்கள் மகள். அம்மாவுக்கு வைப்பது வெளியிலிருந்து மெஷின் மூலம் வரும் கதிர். மெஷினை அணைத்த நொடியில் கதிர் இல்லை, அம்மாவின் உடம்பிலோ எச்சிலிலோ துணியிலோ எதுவும் தங்குவதில்லை. கதிரியக்க அயோடின் குடிப்பவர்களுக்கும் உடம்புக்குள் கதிரியக்கப் பொருளை வைப்பவர்களுக்கும் சொல்லும் கட்டுப்பாடு வேறு, அது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. பாப்பாவுக்குச் சளி காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் தள்ளி வையுங்கள், அதுவும் ஆச்சிக்காக. மற்ற நாளில் அவள் தாராளமாக ஆச்சி மடியிலேயே இருக்கட்டும்.